சுடுதண்ணி ஆம்பிளைதான்

செத்தவர்களுக்காக அழுவது என் தொழில். அதிலும் பெண் குரலில் அழுவதில் மானிப்பாயில் என்னை மிஞ்ச ஆளில்லை. முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு வருகிறவர்களுக்கு ஒரு நினைவுப் புத்தகம் கொடுப்பார்களே, எங்கள் பக்கத்தில் கல்வெட்டு என்று சொல்வது, அதில் 'மனைவி புலம்பல்', 'மகள்மார் புலம்பல்', 'மருமகள் புலம்பல்' என்று வருகிற பாட்டுகளை நானே எழுதி, என் அச்சகத்திலேயே அடித்துக் கொடுப்பேன். மாமியோடு முகம் கொடுத்துக் கதைக்காத மருமகளும் என் பாட்டில் நிலத்தில் விழுந்து புரளுவாள். திங்கள் முதல் சனி வரை ஊர்ச் சைவர்களைச் சிவபதம் சேர்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை சேர்ச்சில் கீர்த்தனை பாடுவேன். செபநாயகம் என்ற பெயரை வைத்துக்கொண்டு இந்தத் தொழிலைச் செய்வதற்கு இரண்டு தரப்பும் இதுவரை என்னிடம் விளக்கம் கேட்கவில்லை.

தொழில் என் முகநூலையும் பிடித்துவிட்டது. விடிந்தால் ஒரு ரோசாப்பூ, 'அன்பு உறவுகளே, இனிய காலை வணக்கம்', மூன்று கும்பிடு. யாருடைய பூனை செத்தாலும் 'மனம் கனக்கிறது'. கனடாவில் இருக்கும் என் தம்பி ஒரு நாள் போன் எடுத்து, "அண்ணை, செபநாயகம் எண்டது உன்ரை அன்ரியோ எண்டு என்ரை கூட்டாளியள் கேக்கிறாங்கள்" என்றான்.

நிவேதனா என் அச்சகத்தில் பதாகைகளை வடிவமைக்கிற பிள்ளை. பண்டத்தரிப்பிலிருந்து பஸ்ஸில் வருவாள். கதைத்தால் வெட்டொன்று துண்டிரண்டு. ஆனால் முகநூலில் எழுதும்போது அவளும் எல்லாப் பெண்பிள்ளைகளையும் போல, யாரோ வீட்டு விறாந்தையில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரலாமோ என்று கேட்பது மாதிரித்தான் எழுதினாள். கேதீஸ்வரனை ஆட்கள் வந்து வெட்டும் வரைக்கும்.

கேதீஸ்வரன் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஓட்டோக்காரன். தன் ஓட்டோவை இடித்துவிட்டுப் போன மோட்டார் சைக்கிள்காரர்களைப் பற்றிப் பொலிசில் போய்ச் சொன்னான். அவன் செய்த குற்றம் அவ்வளவுதான். மத்தியான வெயிலில், சந்தியில், எங்கள் கடைக்கு முன்னாலேயே வந்து இறங்கினார்கள். மோட்டார் சைக்கிள்களில் நம்பர்த் தகடு இல்லை. முகங்களில் கறுப்புத் துணி. முதல் வெட்டு தோளில் விழுந்தது. அவன் கையைத் தூக்கித் தடுத்தான். அடுத்தது அந்தக் கையில் விழுந்து எலும்பு வரை போனது. ஓட்டோவுக்குள் ஊர்ந்து ஏறப் பார்த்தான். மூன்றாவது வெட்டு கூரையில் இறங்கி வாள் சிக்கிக்கொண்டது. அதை இழுக்கிற அவசரத்தில், வெட்டியவனின் முகத்துணி கழன்று கழுத்துக்கு வந்தது. நிவேதனா மேல்மாடி யன்னலில் நின்று பார்த்தாள். நான் கீழே, மேசைக்கு அடியில் இருந்தேன். ஒரு பேனை விழுந்திருந்தது என்று பிறகு எல்லோருக்கும் சொன்னேன்.

வெட்டியவன் பிரகாஸ். ஊரில் அவனைத் தெரியாத நாயும் இல்லை. அடுத்த நாள் செய்தியில் 'இனந்தெரியாத நபர்கள்' என்று வந்தது.

நிவேதனா பொலிசுக்குப் போனாள். "உமக்கேன் பிள்ளை உந்தப் பிரச்சினை, கலியாணம் ஆகாத குமர்ப்பிள்ளை எல்லோ" என்று அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் தன் சொந்தப் பெயரில் முகநூலில் எழுதினாள். 'அன்பான உறவுகளே, தவறென்றால் மன்னிக்கவும். சந்தியில் நடந்ததை நான் பார்த்தேன். வெட்டியவர் யாரென்று தெரியும் என நினைக்கிறேன். பெரியவர்கள் யாராவது கவனம் எடுத்தால் நல்லது.' இரண்டு கும்பிடு, ஒரு அழுகிற முகம்.

'தங்கச்சி, சமைக்கப் பழகுங்கோ' என்று ஒருவன். 'யன்னலிலை நிண்டு ஆரைப் பாத்தனீர்?' என்று இன்னொருவன். 'கட்டி வைச்சா உந்தக் கொழுப்பு அடங்கும்' என்று சுவிசிலிருந்து ஒரு பெரியவர், கோயில் கோபுரத்தைப் படமாகப் போட்டிருந்தவர். உள்பெட்டிக்கு வந்தவற்றில் ஒன்றை மட்டும் எனக்குக் காட்டினாள். அவளை எங்கே கொண்டுபோய், எத்தனை பேர், என்ன செய்வார்கள் என்று படத்தோடு விளக்கியிருந்தது. மற்றவற்றைக் காட்டும்படி நான் கேட்கவில்லை. யாரோ அவளுடைய போன் நம்பரை ஒரு குழுவில் போட்டுவிட்டார்கள். பெண்கள் ஒருத்தரும் வெளியே எழுதவில்லை. தனியாக வந்து, 'அக்கா கவனம், அழிச்சுவிடுங்கோ' என்று சொல்லி ஒரு இதயத்தை வைத்துவிட்டுப் போனார்கள்.

அழித்தாள். அடுத்த நாள் 'சுடுதண்ணி' என்ற பெயரில் ஒரு கணக்கு வந்தது. முகத்துக்குப் பதிலாகக் கொதிக்கிற கேத்தல்.

'கேதீஸ்வரனை வெட்டியவன் இனந்தெரியாத நபர் அல்ல. பிரகாஸ். அவனுக்குத் தாய் இருக்கிறா, வீடு இருக்கிறது, வாக்காளர் இடாப்பில் பெயர் இருக்கிறது. பொலிசுக்குத் தெரியாவிட்டால் சந்தியில் உள்ள தேத்தண்ணிக் கடையில் கேட்கவும்.'

கீழே ஊரே திரண்டு நின்றது. 'அண்ணை, நெத்தியடி.' 'ஆம்பிளையெண்டா இப்பிடி எழுதோணும்.' சமைக்கப் பழகச் சொன்ன அதே ஆள் 'தலைவா' என்று எழுதியிருந்தான். கோபுரப் பெரியவர் 'தம்பி, உங்களைப் போல நாலு இளைஞர் போதும்' என்று ஆசீர்வாதம் செய்திருந்தார்.

எங்கள் கடைக் கொம்பியூட்டரில் அந்தக் கணக்கு திறந்து கிடந்ததை நான் பார்த்துவிட்டேன்.

"என்ன பிள்ளை செய்தனீர்? அதே விசயம்தானே?"

"அதேதான் அண்ணை. மன்னிப்பைக் கழட்டினன். 'நினைக்கிறன்' எண்டதைக் கழட்டினன். கும்பிட்ட கையை இறக்கினன். உடனை மீசை முளைச்சிட்டுது."

"கடைசியிலை ஒரு வரி உருக்கமாப் போட்டா இன்னும்…"

"அண்ணை, கீபோட்டிலை இருந்து கையை எடுங்கோ."

சுடுதண்ணி தொடர்ந்து எழுதினாள். ஒரு நாள், வெட்டு நடந்த உடனே எடுத்த படத்தையும் போட்டாள். ஓட்டோவும், நிலத்தில் இரத்தமும், மேலிருந்து பார்க்கிற கோணமும். அந்தக் கோணம் ஊரில் ஒரே ஒரு யன்னலுக்குத்தான் உண்டு. இதை நான் கவனிக்கவில்லை, அவளும் கவனிக்கவில்லை. பிரகாஸ் கவனித்தான்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்தார்கள். நான் புட்டுப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தேன். ஐந்து பேர். கடைசியாக வந்தவன் ஷட்டரை அரைவாசிக்கு இழுத்துவிட்டான். முதல் வாள் பதாகை அடிக்கும் மெசினில் இறங்கியது. மைக்குடுவைகள் உடைந்து சிவப்பும் நீலமும் சீமெந்தில் ஓடின. இரண்டாவது வாள் தட்டையாக என் வாயில் விழுந்தது. ஒரு பல் புட்டுக்குள் போய் விழுந்தது. தேங்காய்ப்பூவுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை.

"சுடுதண்ணி ஆர்?"

துணிக்குள்ளிருந்து வந்தாலும் பிரகாஸின் குரல் தெரிந்தது.

"தம்பி, எனக்குச் சுடுதண்ணியிலை தேத்தண்ணி போட மட்டும்தான் தெரியும்" என்றேன். பயம் வந்தால் எனக்குப் பகிடி வரும். சில பேருக்கு மூத்திரம் வரும். அன்றைக்கு எனக்கு இரண்டும் வந்தது.

வாளின் பிடியால் நெஞ்சில் இடித்தான். கதிரையோடு விழுந்தேன். ஒருவன் என் கழுத்தில் காலை வைத்தான்.

"படம் எடுத்தது உன்ரை மேல் யன்னலிலை இருந்து. இந்தக் கடையிலை ஆம்பிளை நீ ஒருத்தன்தான்."

"நான் எழுதேல்லைத் தம்பி. சத்தியமா நான் இல்லை."

அது உண்மை. அந்த உண்மைக்குப் பின்னால் ஒளித்துக்கொள்ள நான் முழு மனதோடு தயாராக இருந்தேன். அப்போதுதான் நிவேதனா கொம்பியூட்டருக்கு முன்னாலிருந்து எழும்பினாள்.

"அவரை விடுங்கோ. எழுதினது நான்."

முகத்துணிகள் ஒன்றையொன்று திரும்பிப் பார்த்தன. பிறகு ஐந்து பேரும் சிரித்தார்கள்.

"நீயோ? நீ எழுதினதையும் வாசிச்சனாங்கள். 'மன்னிக்கவும், நினைக்கிறேன், பெரியவர்கள் கவனம் எடுத்தால் நல்லது.' போடி, போய் டிக்டொக்கிலை ஆடு."

"நம்பாட்டிப் பாருங்கோ. காட்டிறன்."

அவளுடைய போன் மேசையில் கிடந்தது. அதற்குள் சுடுதண்ணி திறந்தபடியே இருக்கும். எனக்குத் தெரியும். அவள் அதை எடுத்து நீட்டினால் இந்த ஐந்து பேரும் அவளுக்கு என்ன செய்வார்கள் என்பதும், அந்தப் படத்தோடு வந்த விளக்கத்தை வாசித்தவன் என்ற முறையில், எனக்குத் தெரியும். நான் வீரன் இல்லை. ஆனால் கழுத்திலிருந்த கால் சிரிப்பில் கொஞ்சம் தளர்ந்திருந்தது. உருண்டு எழும்பி, மேசையில் கிடந்த பதாகைத் துணியை இழுத்துப் போனின் மேல் போட்டு, அதன் மேல் என் இரண்டு கைகளையும் ஊன்றினேன்.

"பொத்தும் வாயை! ஆம்பிளையள் கதைக்கிற இடத்திலை உமக்கென்ன வேலை?" என்று கத்தினேன். வீட்டில் என் மனைவி மியூரியலிடம் இந்த வசனத்தைச் சொல்லியிருந்தால் அன்றே எனக்குக் கல்வெட்டு அடித்திருப்பார்கள். "ஓம் தம்பி. நான்தான் சுடுதண்ணி."

ஒருவன் தன் போனில் என் முகநூலைத் திறந்தான். சத்தமாக வாசித்தான். "'அன்பு உறவுகளே, இந்த ரோசாவைப் போல உங்கள் நாளும் மலரட்டும்.' அண்ணை, உவன் பொம்பிளை மாதிரியெல்லோ எழுதிறான்! உவனாலை ஏலாது."

என்னைப் பற்றி வந்த இலக்கிய விமர்சனங்களில் மிகச் சரியானது அதுதான். பிரகாஸ் என்னையும் நிவேதனாவையும் மாறி மாறிப் பார்த்தான். அந்தப் பார்வை அவளிடம் கொஞ்சம் அதிக நேரம் நின்றது.

"எழுது" என்றான். மேசையிலிருந்த மார்க்கர் பேனையை என் கையில் திணித்தான். "இந்தப் பதாகையிலை எழுது. சுடுதண்ணி எழுதிற மாதிரி. அவன் நீதான் எண்டு எனக்குக் காட்டு."

அறிந்தவர்கள் சொல்லுங்கள்: ஆணைப் போல எழுதும் பெண்ணைப் போல, பெண்ணைப் போல எழுதும் ஒரு ஆண் எப்படி எழுதுவது? பழக்கத்தில் 'அன்பு' என்று தொடங்கிவிட்டேன். வாசித்தவன் மறுபடி சிரித்தான். வாள் முனை என் காதுக்குக் கீழே வந்து நின்றது; சூடாக ஒன்று கழுத்தால் இறங்கியது. அந்தச் சொல்லை வெட்டினேன். நிவேதனா கடையில் கதைப்பது எப்படி என்று நினைத்துப் பார்த்தேன். அவள் என்னோடு சண்டை பிடிப்பது போல என் மனதுக்குள் பிரகாஸோடு சண்டை பிடிக்கவிட்டேன்.

'பிரகாஸ். ஒரு கிழவனோடு கதைக்க ஐந்து பேராய் வந்தாய். துணியை எடு. உனக்கு வேர்க்கிறது. கேதீஸ்வரன் உன் முகத்தைப் பார்த்துவிட்டான், ஊர் பார்த்துவிட்டது. இனி நீ யாருக்கு ஒளிக்கிறாய்?'

ஒருவரும் சிரிக்கவில்லை. பிரகாஸ் அதை இரண்டாம் முறையும் வாசித்தான். அவன் நெற்றியில் உண்மையாகவே வேர்த்திருந்தது.

"இவன்தான்" என்றான்.

வெட்டு எழுதின இடத்திலேயே விழுந்தது. சின்ன விரலும் பக்கத்து விரலும் பதாகையில் நின்றுவிட்டன. மிச்சக் கை மட்டும் என்னோடு திரும்பி வந்தது. வலி உடனே வரவில்லை. மேசையில் கிடப்பது என்னுடையதுதானோ என்று ஒரு சந்தேகம்தான் முதலில் வந்தது. அடுத்த வெட்டு தோளில். நிவேதனா கதிரையைத் தூக்கி ஒருவனின் முதுகில் அடித்தாள். அவன் அவளுடைய தலைமயிரைப் பிடித்துச் சுவரில் மோதினான். பிறகு ஒரு போத்தல் உடைகிற சத்தம், பெற்றோல் மணம், கடதாசிக் கட்டுகளில் தீ. சைக்கிள்கள் சீறிக்கொண்டு போயின. நெற்றியிலிருந்து இரத்தம் வடிய வடிய அவள் என் சேட்டுக் கொலரைப் பிடித்து, ஷட்டருக்குக் கீழால் என்னை வெளியே இழுத்துப் போட்டாள். அடுத்த வாரத்துக்கு அழ வேண்டிய மூன்று குடும்பங்களின் கண்ணீரும் உள்ளே எரிந்தது.

பெரியாசுப்பத்திரியில் கண் விழித்தபோது நான் பிரபலமாகிவிட்டேன். 'சுடுதண்ணி அண்ணை' என்று என் படத்தை உலகம் முழுக்கப் போட்டிருந்தார்கள். கோபுரப் பெரியவர் என்னைச் சிங்கம் என்றார். பொலிஸ் பெரியவர் ஒருவர் நேரில் வந்து, கட்டுப் போட்ட கையைப் பார்த்துவிட்டு, தன் நம்பரைத் தந்து, "எந்த நேரமும் எடுங்கோ அண்ணை" என்றார். பிரகாஸ் தலைமறைவு என்றும் சொன்னார்.

மியூரியல் மட்டும் எல்லாவற்றையும் வாசித்துவிட்டு என் காதில் குனிந்தாள். "நான் உங்களோடை இருபது வருசமாக் குடும்பம் நடத்திறன். உங்களுக்கு மூக்குச் சிந்தாமல் ஒரு வசனம் எழுதத் தெரியாது. ஆர் எழுதினது?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

சில நாள் கழித்து, மியூரியல் சாப்பாடு எடுக்க வீட்டுக்குப் போயிருந்த நேரம், நிவேதனா வந்தாள். நெற்றியில் தையல். கட்டில் ஓரத்தில் இருந்து போனை என் முன்னால் பிடித்தாள். தன் சொந்தப் பெயரில், தன் முகப்படத்தோடு, எழுதியிருந்தாள். 'சுடுதண்ணி நான். செபநாயகம் அண்ணை என்னைக் காப்பாற்றப் பொய் சொன்னார். நான் பார்த்ததை நீதிமன்றத்திலும் சொல்வேன்.'

"ஐயோ பிள்ளை, என்ன வேலை பாத்தனீர்!"

"கீழை வாசியுங்கோ."

வாசித்தேன். 'தங்கச்சி, ஒரு மனுசன் விரலைக் குடுத்திட்டுக் கிடக்கேக்கை அவரின்ரை பேரைத் திருட வெக்கமில்லையோ?' 'லைக்குக்காக எதுவும் செய்வாளவை.' 'உது பொம்பிளை எழுத்தில்லை. எழுத்தைப் பாத்தாலே தெரியும்.' நூற்றுக்கணக்கில் இருந்தன. ஒருத்தரும் நம்பவில்லை.

"கேதீஸ்வரன் அண்ணை இப்பவும் கையைத் தூக்கேலாமல் கிடக்கிறார்" என்றாள். "அவர் இனிப் பொலிசிலை வாய் திறக்க மாட்டார். வெட்டினவனைக் கண்டனெண்டு சொல்லுற சாட்சி நான் ஒருத்திதான். நீங்கள் மேசைக்குக் கீழை. நாளைக்குச் சுடுதண்ணி எண்டு கோட்டிலை உங்களைக் கூப்பிட்டா என்னத்தைச் சொல்லப்போறியள், பேனையைப் பற்றியோ? என்னை ஒருத்தரும் நம்பாட்டி அவன் பிடிபட்டாலும் வெளியிலை வந்திடுவான். நீங்கள் ஒரு வரி எழுதுங்கோ அண்ணை. நான்தான் எண்டு."

அவளுடைய உயிருக்கு நான் பயந்தேன். அவளுக்கு அந்தப் பயம் எப்போதோ தீர்ந்துபோயிருந்தது. அவளுடைய பதிவுக்குக் கீழே, இடது கைப் பெருவிரலால் எழுதினேன். 'அன்பு உறவுகளே, இந்த அன்புத் தங்கை கூறுவது முற்றிலும் உண்மை என்பதைத் தாழ்மையுடன், கனத்த மனதுடன் அறியத் தருகின்றேன். தவறிருந்தால் மன்னிக்கவும்.' மூன்று கும்பிடு.

பதில்கள் உடனே பாய்ந்து வந்தன. 'என்ன ஒரு பெருந்தன்மை!' 'இதுதான் ஆம்பிளை!' 'அண்ணையின் அடக்கத்துக்குத் தலை வணங்குகிறோம்.'

அப்போது அவளுடைய போன் முனகியது. உள்பெட்டி. அவள் வாசித்து, என்னிடம் திருப்பினாள்.

'உன்ரை அண்ணை எழுதினதைப் பாத்தன். கையில்லாட்டியும் பழைய பூக்கடைதான். அண்டைக்கு அவன் நடிச்சிருக்கிறான். நீதான் அது. ஆசுப்பத்திரிக்குள்ளை போனதைக் கண்டனான். வெளியிலை வா. கேற்றடியிலை நிக்கிறன்.'

"பாத்தீங்களே அண்ணை" என்றாள். "ஒருத்தன் நம்பிட்டான்."

கட்டிலிலிருந்து யன்னலால் எட்டிப் பார்த்தேன். கேற்றுக்கு வெளியே, இளநீர்க் கடைக்குப் பக்கத்தில் தகடில்லாத இரண்டு மோட்டார் சைக்கிள்கள். பின்னால் இருந்தவனின் மடியில் சாக்கில் சுற்றிய நீளமான ஒன்று.

அவள் பொலிசுக்குப் போன் எடுத்தாள். தன் பெயரையும் பிரகாஸின் பெயரையும் சொன்னாள், செய்தியை வாசித்துக் காட்டினாள். மறுபக்கக் குரல் எனக்கும் கேட்டது. "முகநூலிலை உதுகளை எழுதாட்டி உந்தப் பிரச்சினை வருமே பிள்ளை? நாளைக்குத் தாய் தேப்பனோடை வந்து முறைப்பாடு ஒண்டு போடும்." வைத்துவிட்டார்கள்.

நான் அவளிடமிருந்து போனை வாங்கினேன். பொலிஸ் பெரியவர் தந்துவிட்டுப்போன நம்பரை அழுத்தினேன். "ஆர் கதைக்கிறது?" என்றார். செபநாயகம் என்றால் அவர் யோசிப்பார். யோசிக்க நேரமில்லை. ஒருத்தி தன் பெயரை மீட்க உயிரைப் பணயம் வைத்திருக்கிற நேரத்தில், அவள் முகத்துக்கு முன்னாலேயே, அதை நான் மறுபடி எடுத்தேன்.

"சுடுதண்ணி" என்றேன். "பிரகாஸ் ஆசுப்பத்திரிக் கேற்றடியிலை நிக்கிறான். என்னை வெட்ட."

"அண்ணை, அசையாதேங்கோ. இந்தா வாறம்!"

உண்மையாகவே வந்தார்கள். இளநீர்க்காரனின் வண்டி கவிழ்ந்தது. ஒரு சைக்கிள் மதிலில் மோதியது. ஒரு பொலிஸ்காரரின் முழங்கையில் வாள் பட்டு இரத்தம் தெறித்தது. பிறகு பிரகாஸ் தெருவில் முகம் குப்புறக் கிடந்தான், ஒருவர் அவன் முதுகில் ஏறி இருந்தார். ஆசுப்பத்திரி முழுவதும் யன்னல்களில் நின்று போனில் படம் எடுத்தது.

"மன்னிச்சுக்கொள்ளும் பிள்ளை" என்றேன். "கெதியா வரவைக்க வேறை வழி தெரியேல்லை."

"ஓம், தெரியும்" என்றாள். "இனி உங்கடை கொமன்ற்றை அழியுங்கோ அண்ணை. அது எனக்கு உதவாது."

"உம்மடை பதிவு?"

"அது கிடக்கும்."

போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். பிரகாஸ் அனுப்பிய செய்தியைப் படம் பிடித்து, தன் பெயரில், தன் முகத்தோடு, அதையும் போட்டாள். பிறகு பொலிஸ் பெரியவர் படியேறி மேலே வருகிற சத்தம் கேட்க, எழுந்து தலைமயிரை இறுக்கிக் கட்டிக்கொண்டு, அவர் முதலில் தன்னைக் காணும்படி எனக்கும் கதவுக்கும் நடுவில் போய் நின்றாள்.